நாள் முழுக்க உழைப்பவருக்கு எதுக்கு உடற்பயிற்சி? மரக்காணம் உப்பளத்திலிருந்து ஒரு பிசியோதெரபி விளக்கம்

ஈ.சி.ஆரில் சென்னையிலிருந்து புதுச்சேரிக்குப் போயிருந்தால் மரக்காணத்தை நீங்கள் கட்டாயம் கடந்திருப்பீர்கள். சென்னையிலிருந்து ஏறத்தாழ 120 கி.மீ. கட்டம் கட்டமாகப் பாத்திகள், தேங்கிய நீரில் தெரியும் வானம், வரப்போரம் வெள்ளை வெளேரென்று உப்புக் குவியல்கள். வீக்எண்ட் ட்ரிப்பில் வண்டியை ஓரம்கட்டி ஒரு செல்ஃபி, முடிந்தால் ஒரு ரீல்ஸ். அந்த ஃப்ரேமின் ஏதோ ஒரு மூலையில், தூரத்தில், யாராவது குனிந்து உப்பு வாரிக்கொண்டிருப்பார்கள்.

இப்போது ஒரு சின்ன கற்பனை. அப்படி உப்பு வாரும் 45 வயது அக்கா ஒருவர் மூட்டுவலி, கூடவே கொஞ்சம் பிரஷர் என்று ஆஸ்பத்திரிக்குப் போகிறார். லேப்டாப் முன்னாலேயே உட்கார்ந்திருக்கும் 28 வயது ஐ.டி. ஊழியர் ஒருவர் இடுப்புவலி, கூடவே கொஞ்சம் பிரஷர் என்று போகிறார். இரண்டு பேருக்கும் கிடைக்கும் அட்வைஸ் பெரும்பாலும் ஒன்றுதான்: "தினமும் அரை மணி நேரம் வாக்கிங் போங்க."

ஐ.டி. ஊழியர் தலையாட்டிவிட்டு வந்துவிடுவார். அக்கா என்ன சொல்வார்? "நாள் முழுக்க நடந்துக்கிட்டுதானே இருக்கேன் டாக்டர், இன்னும் எங்க நடக்கச் சொல்றீங்க?"

நியாயமான கேள்வி. உழைப்பும் உடற்பயிற்சியும் ஒன்றா? ஒன்று இல்லையென்றால் வித்தியாசம் என்ன? அந்த வித்தியாசத்தை யார் சொல்லித் தருவது? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

உப்பளத்தில் உடம்பு என்ன வேலை செய்கிறது?

விழுப்புரம் மாவட்டத்தில் இருக்கும் மரக்காணம், தூத்துக்குடி, வேதாரண்யம் வரிசையில் சொல்லப்படும் உப்பு உற்பத்தி மையம். மூவாயிரம் ஏக்கருக்கும் மேல் உப்பளங்கள். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்ததும் பாத்திகளைச் சீரமைக்கும் வேலை தொடங்கும். சேற்றைக் காலால் மிதித்து மிதித்துத் தளத்தை இறுக்க வேண்டும். பிறகு உவர்நீரைப் பாத்தியில் விட்டு, வெயிலில் காயவிட்டு, உப்பு பூத்ததும் நீளக் கைப்பிடி வைத்த மரப்பலகையால் இழுத்து வரப்போரம் சேர்க்க வேண்டும். தண்ணீர் வடிந்த உப்பைக் கூடையில் அள்ளி, சும்மாடு வைத்த தலையில் ஏற்றி, குவியல் வரை சுமக்க வேண்டும். சுமப்பவர்களில் பெண்கள் அதிகம்.

இதை ஜிம் பாஷையில் மொழிபெயர்த்தால் புல், லிஃப்ட், கேரி எல்லாமே இருக்கிறது. கையில் ஒரு ஸ்மார்ட்வாட்ச் கட்டிவிட்டால், நாம் நாள் முழுக்க முயன்றும் தொடாத ஸ்டெப் கவுண்ட்டை அவர்கள் காலை டிபனுக்கு முன்னாலேயே தாண்டிவிடக்கூடும். ஆனால் ஜிம்மில் இல்லாத மூன்று விஷயங்கள் இங்கே இருக்கின்றன.

முதலாவது, எடை. ஒருவர் தூக்கும் எடைக்கு அமெரிக்கப் பணியிடப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியாஷ் ஒரு சூத்திரம் வைத்திருக்கிறது. எல்லாமே சாதகமாக இருக்கும் சூழலில்கூட அதன் உச்சவரம்பு 23 கிலோ. குனிந்து எடுத்தால், உடம்பைத் திருப்பினால், அடிக்கடி தூக்கினால் அந்த வரம்பு இன்னும் இறங்கிக்கொண்டே போகும். உப்பளத்தில் இந்த மூன்றும் ஒன்றாக நடக்கிறது.

இரண்டாவது, வெப்பம். மேலே வெயில், கீழே வெள்ளை உப்பும் தண்ணீரும் திருப்பி அனுப்பும் வெயில். சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா உயர்கல்வி நிறுவனத்தின் ஆய்வாளர்கள் தமிழ்நாட்டின் 7 உப்பளங்களில் 352 தொழிலாளர்களை ஆய்வு செய்து 2023-ல் முடிவுகளை வெளியிட்டார்கள். ஏறத்தாழ பத்தில் ஒன்பது பேர், பாதுகாப்பாக வேலை செய்யக்கூடிய வெப்ப அளவைத் தாண்டிய சூழலில் வேலை செய்துகொண்டிருந்தார்கள். 7 சதவீதம் பேருக்குச் சிறுநீரகத்தின் வடிகட்டும் திறன் குறைந்திருந்தது.

மூன்றாவது, ஓய்வைத் தீர்மானிப்பது யார் என்பது. ஜிம்மில் மூச்சு வாங்கினால் நாம் உட்கார்ந்துகொள்வோம். இங்கே வேலை முடிய வேண்டும், வெயில் ஏறுவதற்குள் முடிய வேண்டும். தண்ணீர் குடித்தால் கழிப்பறைக்குப் போக வேண்டும், பக்கத்தில் கழிப்பறை இருக்காது என்பதற்காகத் தாகத்தை அடக்கிக்கொள்ளும் பெண்களும் உண்டு.

உழைப்பும் உடற்பயிற்சியும் ஒன்றா?

உடல் அசைவு நல்லது என்பதற்கான முதல் பெரிய ஆதாரமே வேலைத்தளத்திலிருந்துதான் வந்தது. லண்டன் டபுள் டெக்கர் பஸ்களில் நாள் முழுக்க உட்கார்ந்திருக்கும் டிரைவர்களையும், மாடிப்படி ஏறி இறங்கும் கண்டக்டர்களையும் ஒப்பிட்டார் ஜெரமி மோரிஸ். கண்டக்டர்களுக்கு மாரடைப்பு குறைவு என்று 1953-ல் அவர் வெளியிட்ட ஆய்வு இன்றைக்கும் பாடப்புத்தகங்களில் இருக்கிறது.

அப்படியென்றால் அதிகம் உழைப்பவர் அதிகம் ஆரோக்கியமாக இருக்க வேண்டும் அல்லவா? அங்கேதான் சிக்கல். டென்மார்க்கின் கோபன்ஹேகனில் 1,04,046 பேரைச் சுமார் 10 ஆண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வு 2021-ல் வெளியானது. ஓய்வு நேரத்தில் நன்றாக உடலை அசைத்தவர்களுக்கு, அசைக்காதவர்களைவிட முன்கூட்டியே இறக்கும் அபாயம் 40 சதவீதம் அளவுக்குக் குறைந்திருந்தது. ஆனால் வேலையில் மிகக் கடுமையாக உடலை அசைத்தவர்களுக்கு அதே அபாயம் 27 சதவீதம் கூடியிருந்தது.

இதற்கு 'உடல் அசைவு முரண்' என்று பெயர். பெயர் வைத்தவர் டென்மார்க் ஆய்வாளர் ஆண்ட்ரியாஸ் ஹோல்டர்மன். அவரும் அவருடைய குழுவினரும் சொல்லும் விளக்கம் எளிமையானது. அரை மணி நேர ஓட்டத்தில் இதயத்துடிப்பு ஏறும், பிறகு இறங்கி நாள் முழுக்க அமைதியாக இருக்கும். அந்த ஏற்ற இறக்கம்தான் இதயத்துக்குப் பயிற்சி. எட்டு மணி நேரம் சுமை தூக்கும்போது இதயத்துடிப்பும் ரத்த அழுத்தமும் ஏறியது ஏறியபடியே நிற்கும். மறுநாள் வேலைக்குள் தசை ஆறுவதற்கு நேரம் கிடைக்காது.

இதுவே முடிந்த முடிவு என்று நினைத்துவிட வேண்டாம். அதே 2021-ல் நார்வேயிலிருந்து வந்த இன்னொரு பெரிய ஆய்வில், உடலுழைப்பு வேலை செய்த ஆண்களுக்கு ஆயுள் குறையவில்லை என்று தெரிந்தது. வறுமை, புகைப்பழக்கம், சாப்பாடு போன்றவற்றின் பங்கைப் பிரித்தெடுப்பது கடினம் என்பதால் விவாதம் தொடர்கிறது. ஆனால் ஒரு விஷயத்தில் பெரிய கருத்து வேறுபாடு இல்லை: அசைவு என்பது மருந்து மாதிரி. எவ்வளவு, எத்தனை முறை, எந்த வேகத்தில், இடையில் எவ்வளவு ஓய்வு என்ற டோஸ் முக்கியம். அக்காவுக்கு ஓவர்டோஸ், ஐ.டி. ஊழியருக்கு டோஸே இல்லை.

நம் பக்கம் என்ன நிலவரம்?

உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டுதல்படி, பெரியவர்களுக்கு வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான அசைவு வேண்டும். கூடவே வாரத்தில் இரண்டு நாளாவது தசையை வலுப்படுத்தும் பயிற்சி. இந்த அளவைக்கூட எட்டாதவர்கள் உலகில் 31 சதவீதம், அதாவது சுமார் 180 கோடிப் பேர் என்கிறது 2022 நிலவரத்தை வைத்து லான்செட் குளோபல் ஹெல்த் இதழில் வந்த கணக்கு. இந்தியாவில் இது ஏறக்குறைய பாதி: 49.4 சதவீதம். ஆண்களில் 42, பெண்களில் 57 சதவீதம். 2000-ல் இதே இந்தியாவில் 22.3 சதவீதமாகத்தான் இருந்தது. ஒரே தலைமுறையில் இரண்டு மடங்குக்கு மேல்.

தமிழ்நாட்டில் இதன் விளைவு தெரிகிறது. 2020-ல் மாநிலம் முழுக்க எடுத்த ஸ்டெப்ஸ் ஆய்வில் மூன்றில் ஒரு பெரியவருக்கு உயர் ரத்த அழுத்தம், 17.6 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய் என்று தெரிந்தது. பிரஷர் உள்ளவர்களில் அதைக் கட்டுக்குள் வைத்திருந்தவர்கள் பத்துக்கு ஒருவர்கூட இல்லை.

பிசியோ என்றால் 'கரண்ட் வைக்கிறது' மட்டுமா?

இந்த டோஸை யார் எழுதித் தருவது? டாக்டருக்கு ஒரு நோயாளிக்கு இரண்டு மூன்று நிமிடம்தான் கிடைக்கும். யூடியூப் எல்லோருக்கும் ஒரே வீடியோவைக் காட்டும். இந்த இடத்துக்கென்றே படித்து வருபவர் பிசியோதெரபிஸ்ட். அதற்கென்றே தனிப் பட்டப்படிப்பு, உடல் எப்படி அசைகிறது என்பதுதான் அதன் மையம்.

ஆனால் நம் ஊரில் பிசியோ என்றதும் வரும் வார்த்தை, "கரண்ட் வைப்பாங்களே, அதுதானே?" பத்து நாள் போனால் மெஷின் வைப்பார்கள், வலி குறையும், அத்துடன் சரி. பல கிளினிக்குகளிலும் அப்படித்தான் நடக்கிறது. படுத்துக்கொண்டு மெஷின் வைத்துக்கொள்ளத்தான் நோயாளிக்கும் பிடிக்கிறது. எழுந்து பயிற்சி செய்யச் சொன்னால், "காசு கொடுத்துட்டு நானே செய்யணுமா?" என்று தோன்றுகிறது.

உலகம் போகும் திசை இதற்கு நேர் எதிர். உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் நாள்பட்ட இடுப்புவலிக்கான வழிகாட்டுதலை வெளியிட்டது. அதில் பரிந்துரைக்கப்பட்டவை நோயாளிக்குப் புரிய வைத்தல், பயிற்சி, சில கைமுறைச் சிகிச்சைகள், மனம் சார்ந்த ஆதரவு போன்றவை. வழக்கமான சிகிச்சையாக வேண்டாம் என்று சொல்லப்பட்டவற்றில் இடுப்பு பெல்ட்டும் டிராக்‌ஷனும் இருக்கின்றன. நம் வீடுகளில் பீரோவுக்குள் கிடக்கும் அதே பெல்ட்தான்.

பிசியோதெரபிஸ்ட் தரும் அசைவு ஆலோசனை எந்த அளவுக்கு வேலை செய்யும்? இரண்டு உதாரணங்கள்:

• ஆஸ்திரேலியாவின் மக்குவாரி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நடத்திய 'வாக்பேக்' ஆய்வு (லான்செட், 2024). இடுப்புவலி வந்து சமீபத்தில் குணமான 701 பேரில் ஒரு பிரிவினருக்குப் பிசியோதெரபிஸ்ட்டுகள் ஆறு மாதத்தில் ஆறு சந்திப்புகள் மூலம் அவரவருக்கு ஏற்ற நடைப்பயிற்சித் திட்டம் போட்டுக் கொடுத்தார்கள். வலி திரும்ப வர அவர்களுக்கு எடுத்த காலம் சராசரியாக 208 நாட்கள். திட்டம் கிடைக்காதவர்களுக்கு 112 நாட்கள்.

• டென்மார்க்கில் 2013-ல் தொடங்கிய 'கிளாட்' திட்டம். மூட்டுத் தேய்மானம் உள்ளவர்களுக்கு இரண்டு வகுப்பு, பிறகு பிசியோதெரபிஸ்ட் மேற்பார்வையில் 12 பயிற்சி அமர்வுகள். மூட்டு தேய்ந்துவிட்டது, இனி அசைக்கக் கூடாது என்ற பயத்தை உடைப்பதுதான் அதன் முதல் பாடம். இன்றைக்குப் பல நாடுகளில் இது நடக்கிறது.

இரண்டிலும் கவனிக்க வேண்டியது ஒன்றுதான். "வாக்கிங் போங்க" என்று சொல்லி அனுப்பிவிடவில்லை. எவ்வளவு தூரத்தில் தொடங்குவது, எப்போது கூட்டுவது, வலித்தால் என்ன செய்வது என்று கூடவே இருந்திருக்கிறார்கள்.

வலி மாத்திரையும் சிறுநீரகமும்

உப்பளத்துக்கு இது ஏன் அவசரம் என்பதற்கு இன்னொரு காரணம் இருக்கிறது. உடம்பு வலித்தால் மெடிக்கல் ஷாப்பில் ஒரு மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு மறுநாள் வேலைக்குப் போவது நம் ஊரில் சகஜம். லீவு போட்டால் அன்றைய கூலி இல்லை. அந்த மாத்திரை பெரும்பாலும் டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் வகையாக இருக்கும்.

இவை சிறுநீரகத்துக்குப் போகும் ரத்த ஓட்டத்தைக் குறைக்கக்கூடியவை. நல்ல உடல்நிலையில், அளவாக, டாக்டர் சொல்லி எடுத்தால் பெரும்பாலானோருக்குப் பிரச்சினை வராது. ஆனால் வியர்த்து, உடலில் நீர் வற்றியிருக்கும்போது அடிக்கடி எடுத்தால் சிறுநீரகம் அடிபடும். மேலே பார்த்த 7 சதவீதக் கணக்கை இதோடு சேர்த்துப் பாருங்கள். ஏற்கெனவே வெப்பத்தில் தவிக்கும் சிறுநீரகத்துக்கு மாத்திரை இரண்டாவது அடி. மாத்திரை இல்லாமல் வலியைக் குறைக்கும் எந்த வழியும் இங்கே வசதிக்கான விஷயம் அல்ல, சிறுநீரகத்தைக் காப்பாற்றும் விஷயம்.

வீட்டு வாசலுக்கு வந்த பிசியோ

பிசியோதெரபி நகரத்து விஷயமாகவே இருந்த நிலையில் தமிழ்நாட்டில் ஒரு பெரிய மாற்றம் நடந்தது. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம்தான் அது. பிரஷர், சுகர் மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுப்பதோடு, வீட்டிலேயே பிசியோதெரபி, நோய்த்தணிப்புச் சிகிச்சை ஆகியவையும் இதில் உண்டு. வட்டாரத்துக்கு ஒரு பிசியோதெரபிஸ்ட் என்பது கணக்கு. மரக்காணமும் தனி வட்டாரம். தொற்றா நோய்த் தடுப்புக்காக 2024 செப்டம்பரில் ஐ.நா. விருதும் இந்தத் திட்டத்துக்குக் கிடைத்தது.

பக்கவாதம் வந்து படுத்தவரை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு அலையாமல், வீட்டுத் திண்ணையிலேயே எழுந்து நிற்கப் பழக்குவது சாதாரண விஷயம் இல்லை. பஸ் செலவு, கூட வருபவரின் ஒரு நாள் கூலி இரண்டும் மிச்சம்.

அசைவை ஊக்குவிக்கத் தனித் திட்டமும் இருக்கிறது. 2023 நவம்பர் 4 அன்று தொடங்கிய 'நடப்போம் நலம் பெறுவோம்' திட்டத்தில் 38 மாவட்டங்களிலும் 8 கி.மீ. நடைபாதைகள் அடையாளம் காணப்பட்டன. தொழிற்சாலைகளுக்கே போய் பிரஷர், சுகர் பார்க்கும் 'தொழிலாளரைத் தேடி மருத்துவம்' 2024-ல் வந்தது.

மூன்றும் நல்ல திட்டங்கள். ஆனால் உப்பளத்து அக்கா இந்த மூன்றுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளியில் நிற்கிறார். அவர் படுக்கையில் விழவில்லை, அதனால் வீட்டுக்கு வரும் பிசியோவின் லிஸ்ட்டில் முன்னுரிமை இல்லை. எட்டு கி.மீ. நடைபாதை அவருக்கு ஜோக். உப்பளத்துக்கு கேட் இல்லை, கம்பெனி பஸ் இல்லை, தொழிற்சாலை மாதிரி எல்லோரையும் ஒரே ஹாலில் உட்கார வைக்கவும் முடியாது. வட்டாரத்துக்கு ஒரே ஒரு பிசியோ, சுற்றிவர வேண்டிய கிராமங்களோ பல பத்து. இருக்கும் நேரம் படுத்தவர்களுக்கே சரியாகப் போய்விடும். விழாமல் தடுக்கும் வேலைக்கு நேரம் எங்கே?

உப்பளத்துக்கு ஏற்ற பிரிஸ்கிரிப்ஷன் எப்படி இருக்கும்?

பிசியோதெரபியில் ஏற்கெனவே இருக்கும் அடிப்படைகளை உப்பளத்துக்குப் பொருத்திப் பார்த்தால் இப்படி வரும்:

1. சுமையைப் பிரித்தல். கூடையை நிறைக்காமல் இரண்டு நடை கூடுதலாகப் போவது முதுகுக்கும் கழுத்துக்கும் நல்லது. தலையில் ஏற்றவும் இறக்கவும் இன்னொருவர் கை கொடுப்பது அவசியம். அந்த நொடிகளில் கழுத்து அடிபடக்கூடும்.

2. வேலையை மாற்றி மாற்றிச் செய்தல். ஒருவரே காலை முழுக்க வாருவதும் இன்னொருவரே காலை முழுக்க சுமப்பதும் ஒரே தசையைத் தேய்க்கும். பாதியில் மாற்றிக்கொண்டால் தசைக்கு ஓய்வு, வேலைக்கு நஷ்டமில்லை.

3. கைப்பிடி உயரம். பலகையின் கைப்பிடி ஆளுக்கு ஏற்ற நீளத்தில் இருந்தால் குனிவது குறையும். செலவு ஒரு மரக்கட்டை.

4. எதிர்த்திசைப் பயிற்சி. நாள் முழுக்க முன்னால் குனிந்தவர் பின்னால் வளைய வேண்டும், தோளை விரிக்க வேண்டும். கூடவே வாரத்தில் இரண்டு நாள் கையை ஊன்றாமல் உட்கார்ந்து எழுதல், குதிகாலைத் தூக்கி இறக்குதல். முழங்காலைத் தாங்கும் தொடைத்தசைக்கு இது முக்கியம். பத்து நிமிடம் போதும். வெயிலில் இல்லை, மாலையில் நிழலில்.

5. பெண்களுக்கான தனிக் கவனம். தொடர்ந்து கனமான சுமை தூக்கும் பெண்களில், குறிப்பாகக் குழந்தை பெற்றவர்களில், இடுப்புத்தளத் தசை தளர்ந்து சிறுநீர்க் கசிவும் அடியிறக்கமும் வரக்கூடும். வெளியில் சொல்லக் கூச்சப்பட்டே பலர் காலம் தள்ளுகிறார்கள். இதற்கும் பிசியோதெரபியில் பயிற்சி இருக்கிறது என்பதே பலருக்குத் தெரியாது.

6. சீசனுக்கு முந்தைய தயாரிப்பு. இதுதான் இருப்பதிலேயே முக்கியம். ஒரு ஃபாஸ்ட் பவுலர் மூன்று மாதம் சும்மா இருந்துவிட்டு முதல் நாளே பத்து ஓவர் போட்டால் காயம் நிச்சயம். டீமின் பிசியோ விடமாட்டார். உப்பளத்தில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழைக்காலத்தில் உற்பத்தி இல்லை. அந்த மாதங்களுக்காகத் தமிழக அரசு தொழிலாளர் குடும்பங்களுக்கு 5,000 ரூபாய் நிவாரணம் கொடுக்கிறது. மழை ஓய்ந்ததும் நேராகச் சேறு மிதிக்கும் வேலை, முழு லோடு. இடைப்பட்ட அந்த வாரங்களில் ஊருக்கு ஊர் முகாம் போட்டு மூட்டு, முதுகு, பிரஷர் மூன்றையும் பார்த்து, நான்கு பயிற்சிகளைக் கற்றுக்கொடுத்து, மெதுவாக லோடு ஏற்றச் சொன்னால் சீசன் முழுக்கப் பலன் தெரியும்.

இதற்கு ஊருக்கு ஒரு பிசியோ தேவையில்லை. மக்களைத் தேடி மருத்துவத்தில் ஏற்கெனவே வீடு வீடாகப் போகும் மகளிர் சுகாதாரத் தன்னார்வலர்கள் இருக்கிறார்கள். வட்டார பிசியோ அவர்களுக்குக் கற்றுக்கொடுத்தால், அவர்கள் மூலம் ஊருக்குள் போகும்.

ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. நிழல், குடிநீர், கழிப்பறை, இடைவேளை ஆகிய நான்கையும் எந்தப் பயிற்சியும் ஈடுகட்டாது. அவற்றைத் தர வேண்டியவர்கள் உப்பள உரிமையாளர்களும் அரசும். தமிழ்நாடு 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்திருக்கிறது. பயிற்சி செய்யாதது உன் தப்பு என்று தொழிலாளி தலையில் கட்டிவிட்டு இவற்றை மறந்துவிட்டால், அது ஊக்குவிப்பு ஆகாது.

சரி, நமக்கு என்ன பிரிஸ்கிரிப்ஷன்?

நம் பிரச்சினை தலைகீழ் என்பதால் மருந்தும் தலைகீழ்.

தினமும் எட்டு மணி நேரத்துக்கு மேல் உட்காருபவர்கள் பற்றி, பத்து லட்சம் பேருக்கு மேல் உள்ளடக்கிய ஒரு தொகுப்பாய்வு 2016-ல் லான்செட்டில் வந்தது. தினமும் 60 முதல் 75 நிமிட மிதமான அசைவு, அப்படி உட்காருவதால் கூடும் இறப்பு அபாயத்தை ஏறக்குறைய இல்லாமல் செய்துவிடுகிறது என்கிறது அது. அவ்வளவு நேரம் இல்லையா? முடிந்த அளவு செய்யுங்கள். ஒரே மூச்சில் பத்து நிமிடமாவது செய்தால்தான் கணக்கு என்ற பழைய விதி இப்போது இல்லை. பஸ் ஸ்டாப் வரை நடந்ததும் கணக்கில் வரும்.

10,000 ஸ்டெப் என்ற டார்கெட்டுக்காகவும் கவலைப்பட வேண்டாம். அது 1960-களில் ஜப்பானில் ஒரு ஸ்டெப் கவுண்ட்டரை விற்க வைத்த பெயரிலிருந்து வந்தது. 2025-ல் வந்த தொகுப்பாய்வின்படி 7,000 ஸ்டெப்பிலேயே பெரும்பகுதி பலன் கிடைத்துவிடுகிறது.

வேகம் சரியா என்று பார்க்க பிசியோக்கள் பயன்படுத்தும் எளிய சோதனை ஒன்று உண்டு. நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. பாடவும் முடிகிறதா? வேகம் போதாது. பேசவே முடியவில்லையா? கொஞ்சம் குறையுங்கள்.

வலி இருந்தால் ஜிம் டிரெய்னரிடம் போவதற்கு முன் ஒருமுறை பிசியோதெரபிஸ்ட்டைப் பாருங்கள். அங்கே இந்த மூன்றையும் கேளுங்கள்: எனக்கு எந்த அசைவு, எவ்வளவு? எப்போது கூட்டலாம்? நானே வீட்டில் செய்ய என்ன சொல்லித் தருவீர்கள்? மூன்றாவதற்குப் பதில் இல்லாமல் மெஷின் மட்டும்தான் என்றால், வேறு இடம் பார்க்கலாம்.

சில அறிகுறிகளுக்கு மட்டும் பயிற்சி வேண்டாம், நேராக டாக்டரிடம் போக வேண்டும். கால் மரத்துப்போய் பலவீனமாவது, சிறுநீர் அல்லது மலம் கட்டுப்படாமல் போவது, காய்ச்சலோடு வரும் முதுகுவலி, நடக்கும்போது நெஞ்சு இறுக்கம். இவற்றில் எதையும் தள்ளிப்போடக் கூடாது.

அக்காவின் கேள்விக்குப் பதில்

"நாள் முழுக்க நடந்துக்கிட்டுதானே இருக்கேன், இன்னும் எங்க நடக்கச் சொல்றீங்க?"

இதற்கு ஒரு நல்ல பிசியோவின் பதில் இப்படி இருக்கும்: "நீங்க இன்னும் நடக்க வேண்டாம்கா. எப்படிச் சுமக்கறீங்கன்னு மட்டும் ஒருமுறை காட்டுங்க."

அந்தப் பதிலைச் சொல்ல உப்பளத்து வரப்பு வரை ஒருவர் வர வேண்டும். வீட்டு வாசல் வரை பிசியோதெரபியைக் கொண்டுவந்துவிட்ட தமிழ்நாட்டுக்கு, வீட்டிலிருந்து வரப்புக்குப் போகும் தூரம் அதிகம் இல்லை.